இருநூற்றுப் பதினேழாம் வில்லை

ராக்கம்மா அரிசியில் கல் பொறுக்குகிறவள். கொட்டாஞ்சேனையில் இருந்து துறைமுகத்துக்கு இறங்குகிற தெருவில் ஓர் அரிசிக் கிட்டங்கி. காலை ஏழு மணிக்கு அங்கே போய்ச் சுளகை மடியில் வைத்தாளென்றால் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் நிமிருவாள். கறுப்புக் கல்லை யாரும் பொறுக்கிவிடுவார்கள். அரிசியின் நிறத்திலேயே அரிசிக்குள் கிடக்கிற வெள்ளைக் கல்லைப் பிடிப்பதற்குத் தனிக் கண் வேண்டும். அந்தக் கண் ராக்கம்மாவுக்கு இருந்தது. கிட்டங்கிக் கங்காணி அவள் சுளகை இரண்டாம் முறை பார்ப்பதே இல்லை.

1939ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் புருஷன் அழகுமுத்து வேலையிலிருந்து ஒரு கடிதத்தோடு வந்தான். அவன் அரசாங்கத்துக்குத் தெருத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற, தெருவுக்குக் கல் போடுகிற கூலி. கடிதம் இங்கிலீஷில் இருந்தது. இருவருமாகச் சந்தியில் தையற்கடை வைத்திருந்த மர்ஸூக் நானாவிடம் போனார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"முப்பத்திநாலாம் வருஷம் மார்ச் மாசம் முடிஞ்சதுக்குப் பொறகு வேலைக்குச் சேர்ந்த இந்தியாக்காரங்க எல்லாரையும் ஆகஸ்ட் ஒண்டோட நிப்பாட்டுறாங்க. ஒங்கட பேர் முப்பத்தஞ்சு பெப்ருவரியில சேர்ந்ததாத்தான் இதுல எழுதி ஈக்கி."

"முப்பத்தஞ்சா?" என்றாள் ராக்கம்மா. "அவரு முப்பத்திரெண்டுல கப்பல் ஏறுனவரு நானா. முப்பத்தஞ்சுல நான்ல வந்தேன்!"

அழகுமுத்து வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, தண்ணீர் குடித்த பிறகுதான் சொன்னான்.

அவன் கொழும்புக்கு வந்த சமயம் கான் வேலைக் கங்காணியிடம் முத்தையா என்று ஓர் ஆள் இருந்தானாம். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அவனுடைய பித்தளை வில்லை மட்டும் கங்காணி கையில் இருந்தது. 217ஆம் நம்பர். அதை எடுத்து அழகுமுத்துவின் இடுப்புக் கயிற்றில் கட்டிவிட்டு, "நம்பரக் கூப்புட்டா ஐயான்னு சொல்லு. பேர எவன் கேக்கப் போறான்" என்றிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு மேல் அழகுமுத்து பேரேட்டில் முத்தையாவாகவே இருந்தான். முப்பத்தைந்தில் புதுப் பேரேடு போட வந்த கிளாக்கர் பேரைக் கேட்க, இவன் உள்ளபடி தன் பேரைச் சொன்னான். முத்தையா வேலையை விட்டுப் போய்விட்டான், அழகுமுத்து புதிதாகச் சேர்ந்தான் என்று எழுதியாயிற்று. கங்காணி மறு வருஷமே செத்துப் போனார்.

"அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அடுத்தவன் பேர்ல வேல செஞ்சது குத்தம் புள்ள. வெளிய தெரிஞ்சா ஜெயிலு. கப்பலுக்குச் சீட்டுக் குடுக்குறாங்களாம். பேசாமப் போயிருவோம்."

"எங்க போறது?"

ஊரில் கண்மாய் வறண்டு மூன்று வருஷம். இருந்த வீட்டின் கூரையும் இறங்கிவிட்டதென்று கடிதம் வந்திருந்தது. ராக்கம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"முத்தையான்னு நின்னது நீங்கதான்னு சொல்ல யாரு இருக்கா?"

"கூட வெட்டுனவங்க இருக்காங்க. ஆனா அவங்களுக்கும் இதே கடுதாசிதான். கூலிக்குக் கூலி சாட்சி செல்லாதுன்னுட்டாரு கிளாக்கரு."

"கூலி இல்லாத ஆளா வேற யாரும் ஒங்களப் பாக்கலையா?"

அவன் தயங்கித் தயங்கி, "வெள்ளவத்தையில கான் வெட்டுறப்ப ஒரு அம்மா மாடியில ஒக்காந்து எங்கள வரைஞ்சிக்கிட்டு இருந்தாங்க" என்றான். "பென்சில்ல. மாசக்கணக்கா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பம்பலப்பிட்டி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கடலோரத்துப் பக்கமாக நடந்தாள் ராக்கம்மா. புருஷன் சொன்ன அடையாளம் மூன்றுதான்: மாடி வீடு, பச்சை ஜன்னல், வாசலில் ஜம்பு மரம். வெள்ளவத்தையில் மாடி வீட்டுக்கும் ஜம்பு மரத்துக்கும் பஞ்சமா? நான்கு வீட்டு வாசலில் நாய் குரைத்தது. ஐந்தாம் வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டாமென்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு சிங்களக் கடைக்காரரிடம் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "சித்திர அந்தின நோனா?" என்று காற்றிலே விரலால் கோடு போட்டுக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே எதிரே ஒரு சந்துப் பக்கம் கை காட்டினார். பச்சை ஜன்னலெல்லாம் இப்போது சாம்பல் நிறமாகியிருந்தது.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை.

"ஆரைப் பாக்க வேணும்?"

"கான் வெட்டுன ஆளுங்கள வரைஞ்ச அம்மாவப் பாக்கணும்."

அந்தப் பெண் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "அது நான்தான். உள்ளுக்கு வா" என்றாள்.

அவள் பேர் பேர்ணடெற். கொன்வென்ற் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறாள். ராக்கம்மா தரையில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பேர்ணடெற் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தாள்.

"அந்தப் படம் இப்ப என்னட்ட இல்லை. முப்பத்திமூண்டு டிசம்பரில எக்ஸிபிஷனில வைச்சது. இப்ப வெள்ளைக்காரரின்ர ஒரு கிளப்பில தொங்குது. நீயும் நானும் உள்ளுக்குப் போகேலாது. பேப்பரில வந்த படம் வேணுமெண்டால் இருக்கு."

அலுமாரியிலிருந்து பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். நான்கு பேர் குழிக்குள் நிற்கிறார்கள். தோளும் தொடையும் கோயில் சிலையைப் போல் வழவழவென்று இருந்தன. முகமென்று ஒன்றும் தெரியவில்லை. இடுப்பில் வில்லையும் இல்லை.

"இந்தா, இடப்பக்கம் மண்வெட்டியில சாய்ஞ்சு நெத்தியைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறவர். நீ சொல்லுற ஆள் அவராத்தான் இருக்கும்."

ராக்கம்மா துண்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனாள்.

"இது அவரு இல்லம்மா."

"ஏன்?"

"காலு வேற. அவருக்கு வலது கால்ல ரெண்டாவது வெரலு பெருவெரலு மேல ஏறியிருக்கும். பொறந்ததுல இருந்து அப்பிடித்தான். இந்தக் காலு ஒழுங்கா இருக்கு."

பேர்ணடெற்றின் முகம் மாறிவிட்டது. அவள் கதிரையை விட்டு இறங்கி ராக்கம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"விரலை நான்தான் நேராக்கினனான்," என்றாள். "படத்துக்கு வடிவில்லை எண்டு. நம்பரையும் அதுக்காகத்தான் விட்டனான். ஆனால் முதல் பென்சிலால கீறினதுகளில நான் ஒண்டையும் மாத்தேல்லை. கண்டதைக் கண்டபடி கீறினனான்."

"அது எங்கம்மா இருக்கு?"

மாடி அறையில், கட்டிலுக்குக் கீழே, ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. ஆறு வருஷமாக யாரும் திறக்காத பெட்டி. மூடியைத் தூக்கியதும் கற்பூர உருண்டையின் பழைய வாசம் அடித்தது. அப்படி இருந்தும் இராமபாணப் பூச்சி உள்ளே போயிருந்தது. மேலே கிடந்த தாள்களின் ஓரமெல்லாம் பொடியாய் உதிர்ந்தன. பேர்ணடெற் 'ஐயோ' என்று வாயைப் பொத்தினாள்.

ராக்கம்மா தாள்களைத் தொடவில்லை. முதலில் கைகளைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். பிறகு, சுளகை வாங்குவதுபோல, முதல் கட்டை மடியில் வாங்கினாள்.

முதல் கட்டு முழுவதும் கைகள். மண்வெட்டிப் பிடியைப் பற்றிய கை, வெறுமனே தொங்குகிற கை, பீடியை மறைத்துப் பிடித்த கை. ஒரே தாளில் ஒரே கை நாலு விதமாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. சில இடத்தில் கோடு தடுமாறி, பக்கத்திலேயே இன்னொரு கோடு திருத்தமாய் விழுந்திருந்தது. முதலில் அது ராக்கம்மாவுக்குக் குழப்பமாக இருந்தது. பத்துத் தாள் புரட்டியதும் பிடிபட்டுவிட்டது. மங்கலாயிருப்பது தப்பாய்ப் பார்த்தது. அழுத்தமாயிருப்பது மறுபடி பார்த்தது.

"இது யாரு கைன்னு தெரியாதும்மா. மம்பட்டி புடிக்கிற எல்லாக் கையும் இப்பிடித்தான் இருக்கும்."

இரண்டாவது கட்டில் முதுகுகள். மூன்றாவதில் கால்கள். மூன்றாவது கட்டின் நடுவில் அவள் கை நின்றது.

சேற்றில் கணுக்கால் வரை புதைந்து, பிறகு வெளியே எடுத்து வைத்த ஒரு வலது கால். இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் ஏறிக் கிடந்தது. குதிகால் வெடிப்புகூட இருந்தது. அந்தப் பென்சில் எதையும் மறைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு துணிக்கட்டு. துணி ஊறிக் கறுத்திருந்ததைப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துக் காட்டியிருந்தாள்.

"இது அவரு காலு," என்றாள் ராக்கம்மா. துணிக்கட்டை விரலால் காட்டி, "இந்தக் காயம் எப்பம்மா பட்டுச்சு?" என்று கேட்டாள்.

"எனக்கெப்பிடித் தெரியும்? கட்டோடதான் ஒரு மாசம் வேலை செய்தவர்."

ராக்கம்மா ஊரில் தனியாக இருந்த வருஷங்கள் அவை. மாதம் ஒரு கடிதம் வரும். யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். எல்லாவற்றிலும் 'நான் இங்கு சுகம்' என்று இருக்கும். அந்தச் சுகம் இப்போது மடியில் தாள் தாளாகக் கிடந்தது. எண்ணக்கூடிய விலா எலும்பு. தோளில் கூடை உரசிய தழும்பு. நிழலுக்கு ஒதுங்கிக் குந்தியிருந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். தான் பார்க்காத புருஷனை இன்னொரு பெண் மாசக்கணக்காகப் பார்த்திருக்கிறாள் என்பது ராக்கம்மாவின் தொண்டையில் முள்ளாய் நின்றது. கேட்காமல் விட அவளால் முடியவில்லை.

"நாலு பேரு நின்னாங்களே. ஏம்மா இவரையே இத்தன தடவ?"

பேர்ணடெற் சடாரென்று நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரும் என்றுதான் ராக்கம்மா நினைத்தாள். வரவில்லை.

"மற்ற ஆக்கள் நான் பாக்கிறது தெரிஞ்சால் சிரிப்பினம், இல்லாட்டி முதுகைத் திருப்புவினம். அவர் அசையமாட்டார். நான் ஒருத்தி இருக்கிறன் எண்டே நினைக்கமாட்டார் போல. வேற எங்கையோ யோசினை." அவள் ஒரு தாளை ஒழுங்காக அடுக்கினாள். "உன்னை யோசிச்சாரோ என்னமோ, எனக்குத் தெரியாது. நான் கீறினது அந்த நிலையை மட்டும்தான்."

முள் முழுவதும் இறங்கிவிட்டது என்று சொல்லமுடியாது. ஆனால் வேலை இருந்தது.

"காலு மட்டும் போதாதும்மா. காலும் மூஞ்சியும் நம்பரும் ஒரே தாள்ல வேணும்."

வெயில் ஜன்னலில் இருந்து சுவருக்குப் போயிற்று. வில்லை உள்ள தாள்கள் மூன்று கிடைத்தன. ஒன்றில் வில்லை வெறும் வட்டமாக இருந்தது. ஒன்றில் எண் 204. அது வேறு ஆள். ஒன்றில் 2, 1 என்று இரண்டு எழுத்துத் தெரிந்து, மூன்றாவது வேட்டி மடிப்புக்குள் போய்விட்டது. பேர்ணடெற் சோர்ந்து கட்டிலில் சாய்ந்தாள். ராக்கம்மா சாயவில்லை. கடைசிக் கட்டை அவிழ்த்தாள்.

அடியிலிருந்து மூன்றாவது தாள்.

ஒரு ஆள் முழுசாக நிற்கிறான். இடது கை மண்வெட்டிப் பிடியின் மேல். வலது கையை மடக்கி, முழங்கைக்குக் கீழால் நெற்றி வியர்வையைத் துடைக்கிறான். பாதி முகத்தைக் கை மறைத்திருந்தாலும், மறு பாதியில் மூக்கும் தாடையும் கிழிந்த காது மடலும் தெளிவாக விழுந்திருந்தன. சின்ன வயதில் கடுக்கன் போட்டு, ஆடு இழுத்துக் கிழித்த காது. கீழே, விரல் ஏறிய வலது கால். இடுப்பின் இடப்பக்கத்தில் வில்லை. தாள் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாய் மெல்லிய கோடுகள் ஓடின.

"இது ஏம்மா கம்பிக்கூண்டு மாதிரி?"

"பெரிய துணிக்குப் பெருப்பிச்சுப் போடுறதுக்குக் கட்டம் போட்டனான். இதை வைச்சுத்தான் அந்தப் படத்தைக் கீறினது." பேர்ணடெற் ஓடிப்போய்ப் பூதக் கண்ணாடி எடுத்து வந்தாள். வில்லையின் மேல் வைத்துப் பார்த்தாள். "ரெண்டு, ஒண்டு... கடைசி எழுத்தைப் பூச்சி திண்டிருக்கு. ஏழோ ஒண்டோ தெரியேல்லை."

ராக்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கண்ணாடியையும் அவள் வாங்கவில்லை. தாளை ஜன்னல் பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் படுக்கையாக விழும்படி பிடித்தாள்.

"மேல ஒரு படுக்கக் கோடு இருக்குல்ல? பூச்சி நடுவுல அரிச்சிருக்கு. ஓட்டைக்கு அந்தப் பக்கம் சாய்வா ஒரு வாலு கெடக்கு பாருங்க."

பேர்ணடெற் குனிந்து பார்த்தாள். மேற்கோடு இருந்தது. ஓட்டைக்குக் கீழே சாய்ந்த வால் இருந்தது. ஏழுதான்.

மர்ஸூக் நானா எழுதிக் கொடுத்த மனுவுக்கு, விசாரணை அடுத்த வியாழக்கிழமை என்று பதில் வந்தது. புதன்கிழமை பின்னேரம், கிட்டங்கியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ராக்கம்மா வெள்ளவத்தைக்குப் போனாள். வாசலிலேயே ஓர் ஆண்குரல் கேட்டது. பேர்ணடெற்றின் தமையன் பற்றிக்.

"அரைத்துண்டோட நிக்கிற ஆம்பிளையளின்ர படத்தைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குப் போகப்போறியோ? அந்த எக்ஸிபிஷனோட பட்ட வெட்கம் காணாதோ? கொன்வென்ற்றில கேட்டால் மதர் என்ன சொல்லுவா?"

பேர்ணடெற் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் எண்ணெய்ச் சீலையில் சுற்றிய ஒரு கட்டு.

"இந்தா, நீ கொண்டுபோ. கடிதமும் எழுதி உள்ளுக்கு வைச்சிருக்கிறன்."

ராக்கம்மா கையை நீட்டவில்லை.

"கடுதாசி பேசாதும்மா. கடுதாசி பேசித்தான் எங்க கத இப்பிடி ஆச்சு. வரைஞ்ச கை வந்து, நான்தான் வரைஞ்சேன்னு சொல்லணும்."

"என்ர நிலைமையையும் யோசிச்சுப் பார்."

"யோசிச்சேன். ஒங்களுக்கு வேல போயிரும்னா வேணாம். ஒங்க வயித்துல நான் மண்ணப் போட மாட்டேன். வெக்கம்தான்னா, எம் புருசன் நாளைக்கு அந்த ஆபீஸ்ல சட்டையக் கழட்டச் சொன்னாலும் கழட்டிட்டு நிக்கணும். அவருக்கு இல்லாத வெக்கமாம்மா?"

பற்றிக் வாசலுக்கு வந்து, "இது ஆர்?" என்றான். பேர்ணடெற் அவனைப் பாராமலே பதில் சொன்னாள்.

"படத்தில நிக்கிறவரின்ர பெஞ்சாதி." பிறகு ராக்கம்மாவிடம் திரும்பி, "எத்தினை மணிக்கு நீர் அங்க நிப்பீர்?" என்று கேட்டாள்.

நீ என்பது நீர் ஆனதை ராக்கம்மா கவனித்தாள். "எட்டு மணிக்கெல்லாம் நிப்பேம்மா" என்றாள்.

கோட்டைப் பகுதியில் இருந்த அந்த அரசாங்கக் கந்தோரில் பதினொரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில், தமிழைக் கேட்டு இங்கிலீஷாக்க ஒரு கிளாக்கர். அழகுமுத்து கதவோடு ஒட்டிக்கொண்டான். பேர்ணடெற் இங்கிலீஷில் பேசத் தொடங்கினாள். பத்திரிகைத் துண்டு, எக்ஸிபிஷன் புத்தகம், கட்டம் போட்ட தாள் மூன்றையும் வரிசையாக வைத்து, விரலால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காட்டினாள். படம் முப்பத்திமூன்று டிசம்பரில் அச்சாகியிருக்கிறது. இந்தத் தாள் இல்லாமல் அந்தப் படம் இல்லை. ஆகவே தாள் அதற்கு முந்தியது. ராக்கம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இளகுவதும் பிறகு இறுகுவதும் தெரிந்தது.

துரை என்னவோ கேட்டார். பேர்ணடெற் தாளையே குனிந்து பார்த்தாள்.

"என்னவாம்?" என்றாள் ராக்கம்மா.

கிளாக்கர் தமிழில் சொன்னார்: "படம் பழசாயிருக்கலாம். நம்பரை நேற்று எழுதியிருக்கலாம்தானே எண்டு துரை கேக்கிறார். பென்சில்தானே."

ராக்கம்மா மேசைக்குப் பக்கத்தில் போனாள். கிளாக்கர் தடுக்கக் கை தூக்கினார். அவள் நிற்கவில்லை.

"தாள வெளிச்சத்துல தூக்கிப் பாக்கச் சொல்லுங்கய்யா. கடைசி எழுத்துக்கு நடுவுல ஓட்ட இருக்கு. பூச்சி அரிச்ச ஓட்ட. எழுத்து இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. நேத்து எழுதுனதுன்னா பென்சில் அந்த ஓட்டைக்குள்ள எறங்கித் தாளக் கிழிச்சிருக்காதா? நேத்து எழுதுனத பூச்சி எப்பய்யா தின்னுச்சு?"

கிளாக்கர் மொழிபெயர்த்தார். துரை எழுந்து ஜன்னலுக்குப் போனார். தாளைத் தூக்கிப் பிடித்தார். மேசையில் இருந்த பூதக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மறுபடி பார்த்தார். பெருப்பிக்கப் போட்ட கட்டத்தின் கோடு ஒன்று அந்த எண்ணின் மேலேயே ஓடி, அதே ஓட்டையில் அறுபட்டிருந்ததைப் பேர்ணடெற் காட்டி, எண் கட்டத்துக்கும் முந்தியது என்றாள். அவர் 'ம்' என்றார். பிறகு அழகுமுத்துவைப் பார்த்துக் கையசைத்தார்.

"சட்டையைக் கழட்டிப்போட்டு அந்த மாதிரி நிக்கட்டாம்," என்றார் கிளாக்கர்.

மண்வெட்டிக்குப் பதிலாகப் பியோனின் கைத்தடியைக் கொடுத்தார்கள். அழகுமுத்து சட்டையைக் கழற்றி மடித்துப் பெண்சாதியிடம் நீட்டினான். தடியின் மேல் இடது கையை வைத்தான். வலது கையை எப்படித் தூக்குவது என்று யாரும் சொல்லவில்லை. கை தானாக மடங்கி நெற்றிக்குப் போயிற்று. எடை இடது காலில் இறங்கியது. வலது கால் சற்று விலகி நின்றது. ஆறு வருஷம் உடம்பைக் கொஞ்சம் வளைத்திருந்தது. நிலை மாறவில்லை. துரை தாளையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். காதைப் பார்த்தார். கடைசியில் குனிந்து காலைப் பார்த்தார்.

கிளாக்கர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப ரெண்டு வருஷத்துக்கு மேல பொய்ப் பேரில சம்பளம் எடுத்திருக்கிறார். அதுக்கென்ன சொல்லுறீர் எண்டு கேக்கிறார்."

அழகுமுத்துவின் கை இறங்கிவிட்டது. இந்தக் கேள்விக்குத்தான் அவன் இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தான். ராக்கம்மா அவன் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"பேரு கங்காணி வச்சதுய்யா. நம்பரு சர்க்காரு குடுத்தது. மம்பட்டி புடிச்ச கை மட்டும்தான் இவரோடது. அந்தக் கான்ல இன்னைக்கும் தண்ணி ஓடுதா இல்லையான்னு போய்ப் பாக்கச் சொல்லுங்க. முத்தையா வெட்டியிருந்தா முத்தையாவுக்கே வேலையக் குடுங்க."

கிளாக்கர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. துரையின் மீசை லேசாக அசைந்தது. தீர்ப்பு ஒன்றும் அங்கே சொல்லவில்லை. தாளைக் கோப்பில் வைத்துக் கட்டச் சொன்னார். போகலாம் என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. ஜூலை போயிற்று. ஆகஸ்ட் முதலாம் திகதி அழகுமுத்துவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். கூட வெட்டிய ஆட்களில் பலர் துறைமுகத்தில் பெட்டியோடு நின்றதை ராக்கம்மா கிட்டங்கி வாசலிலிருந்து பார்த்தாள். அழகுமுத்து வீட்டிலேயே படுத்துக் கிடந்தான். அவள் தினமும் காலையில் அவனைத் தட்டி எழுப்பிக் கந்தோருக்கு அனுப்பினாள். போய் வெளி வாங்குப் பலகையில் உட்காருங்கள், உங்கள் முகத்தை மறக்க விடாதீர்கள் என்றாள். அவனும் போய் உட்கார்ந்தான். பேர்ணடெற் இரண்டு கடிதம் எழுதினாள்.

ஆகஸ்ட் இருபத்தாறாம் திகதி உத்தரவு வந்தது. மர்ஸூக் நானா வாசித்தார். 217ஆம் நம்பர் முத்தையா என்பவரும் அழகுமுத்து என்பவரும் ஒரே ஆள் என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. 1932 ஒக்டோபரில் இருந்து சேவை தொடர்கிறது. வேறு பேரில் வேலை செய்ததற்குக் கண்டிப்பு. திங்கட்கிழமை வேலைக்கு வரவும். அழகுமுத்து கடை வாசற்படியில் அப்படியே குந்திவிட்டான். ராக்கம்மா அந்தக் கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, வெகு நேரம் பார்த்தாள்.

தாள் மட்டும் திரும்பி வரவில்லை. கோப்போடு சேர்ந்த ஆவணம், கொடுக்க முடியாது என்று பதில் வந்ததாகப் பேர்ணடெற் சொன்னாள். பெரிய படம் கிளப்பில் போய்ச் சேர்ந்தபோதுகூடத் தனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை என்றாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மா வெள்ளவத்தைக்குத் தனியாகப் போகவில்லை. பக்கத்து வரிசை வீட்டு ஆறாயியையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆறாயியின் புருஷன் செல்லையாவும் அந்தக் கானில் நின்றவன்தான். அவனுக்கும் கங்காணி வேறு யாருடைய வில்லையையோ கட்டிவிட்டிருந்தார். கப்பலுக்குப் பேர் கொடுத்தாயிற்று, இனி என்ன செய்வது என்று அழுதுகொண்டிருந்தவளிடம், "கப்பல் பொறப்புடட்டும், அப்பறம் அழு" என்று சொல்லி ராக்கம்மா பஸ் ஏற்றியிருந்தாள்.

கதவைத் திறந்த பேர்ணடெற் இருவரையும் பார்த்தாள். மாடிக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்தாள். மேசையில் ஒரு புதுப் பென்சிலும் பாதி கீறிய தாளும் கிடந்தன. ராக்கம்மா அதை எட்டிப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து கையைத் துடைத்தாள்.

"உம்மட மனுசனுக்குக் காலில என்ன அடையாளம்?" என்று பேர்ணடெற் ஆறாயியைக் கேட்டாள்.

ஆறாயி திருதிருவென்று விழித்தாள். "காலத் தெரியாதும்மா. முதுகத்தான் தெரியும். தெனமும் நான்தானே தேச்சி விடுறேன்."

"அப்ப ரெண்டாவது கட்டு," என்றாள் ராக்கம்மா, பெட்டிக்குள் கையை விட்டு.